அடுக்களை கண்ட பொறியியல் அறிஞர்

வீட்டிற்கு உயிர்நிலை அடுக்களை. குடும்பத்தின் உடல்நலமும் உள்ளக் களிப்பும் பெரும்பாலும் அங்கேதான் உருவாகின்றன. ஆயினும், அறிஞர்களின் பார்வை நெடுங்காலம் அதன்பால் செல்லவில்லை. ஆலைகளையும் பாலங்களையும் புகைவண்டிகளையும் ஆராய்ந்த பொறியியல் வல்லுநர்கள், அடுப்படியில் நாள்தோறும் நடந்து கால் ஓயும் பெண்ணின் உழைப்பை ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கருதவில்லை. அவ்வுழைப்பும் ஆராயத் தக்கதே என்று கண்டு, கடிகாரமும் அளவுகோலும் கொண்டு அடுக்களைக்குள் புகுந்தவர் லில்லியன் கில்பிரெத் அம்மையார். நலமுடையோரின் களைப்பைக் குறைத்ததோடு அவர் அமைந்தாரில்லை. நோயாலும் உறுப்புக் குறையாலும் அடுப்படியை விட்டு விலக நேர்ந்தவர்களுக்கு, அதனை மீண்டும் உரிமையாக்கித் தந்தார். அவ்வம்மையாரின் வரலாறு அறிந்து போற்றுதற்குரியது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஓக்லாந்து நகரில், 1878-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் லில்லியன் பிறந்தார். தந்தையார் வில்லியம் மோலர், தாயார் ஆனி. செல்வம் மிக்க அக்குடும்பத்தில் வளர்ந்த மக்கள் ஒன்பதின்மருள் லில்லியனே மூத்தவர். இளமையில் அவர் மிகுந்த கூச்சம் உடையவராய் இருந்தார். அதனால் ஒன்பது வயது வரையில் வீட்டிலேயே கல்வி கற்பிக்கப்பெற்றார். பின்னர்ப் பள்ளியில் சேர்ந்தபொழுது நூல்களே அவருக்கு உற்ற துணை ஆயின.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல்கலைக் கழகத்தில் சேர அவர் விரும்பினார். செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு உயர்கல்வி வேண்டுவதில்லை என்பது தந்தையாரின் எண்ணம். லில்லியன் தந்தையாரை எதிர்த்துப் பேசவில்லை. எனினும், தம் விருப்பத்தைக் கைவிடவும் இல்லை. பணிவோடு பன்முறை வேண்டி அவர் இசைவைப் பெற்றார். கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் இலக்கியம் பயின்று 1900-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அப்பல்கலைக் கழகத்தின் பட்டமளிப்பு விழா மேடையில் உரையாற்றிய முதற்பெண்மணி அவரே. கூச்சம் மிக்க சிறுமியாய் இருந்தவர், பேரவை ஒன்றின் முன் நின்று பேசும் ஆற்றலை அடைந்தார். 1902-இல் முதுகலைப் பட்டமும் அவரை வந்தடைந்தது.

1904-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் லில்லியனுக்கும் பிராங்கு கில்பிரெத் என்பவருக்கும் திருமணம் நடைபெற்றது. பிராங்கு கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லர். பதினேழாம் வயதில் கொத்து வேலை பழகப் புகுந்து, படிப்படியாக உயர்ந்து, பெரிய கட்டட ஒப்பந்தக்காரராய் விளங்கியவர். வேலை பழகிய நாளில் அவர் ஒரு புதுமையைக் கண்டார். கொத்தர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாகச் செங்கல்லை எடுத்து வைத்தனர். வேலையைக் கற்பிக்கும்பொழுது ஒரு வகையாகவும், விரைந்து செய்யும்பொழுது வேறொரு வகையாகவும் ஒருவரே செய்தார். இவற்றுள் சிறந்த முறை எது என்னும் வினா பிராங்கின் உள்ளத்தில் எழுந்தது. கொத்தர் ஒருவர் ஒரு கல்லை எடுத்து வைப்பதற்கு 18 அசைவுகள் செய்ததை அவர் எண்ணிக் கண்டார். கல்லும் சாந்தும் கொத்தரின் இடுப்பு உயரத்திலேயே இருக்குமாறு சாரத்தை அமைத்தார். குனிந்து நிமிரும் வேலை ஒழிந்தது. 18 அசைவுகள் ஐந்திற்குள் அடங்கின. கட்டடம் விரைந்து எழுந்தது. கொத்தரின் முதுகும் நோவின்றி இருந்தது.

திருமணத்தின் பின்னர்க் கணவரும் மனைவியும் இவ்வாராய்ச்சியை ஒன்றுகூடி நடத்தினர். தொழிலாளியின் விரலில் சிறு மின்விளக்கைப் பொருத்தி, அது செல்லும் வழியை ஒளிப்படத்தில் பதிவு செய்தனர். வேலை செய்வோரின் அருகில் நுண்ணிய கடிகாரம் ஒன்றை வைத்துத் திரைப்படம் எடுத்து, வீணாகும் அசைவு எது என்று ஆராய்ந்தனர். பிராங்கு அசைவுகளை நோக்கினார். லில்லியன் அவற்றைச் செய்யும் மனிதரை நோக்கினார். களைப்பு, சலிப்பு, அச்சம், ஊக்கம் ஆகியவை வேலையை எவ்வாறு மாற்றுகின்றன என்பதே அவர்தம் ஆராய்ச்சி. தொழில் நிருவாகத்தில் மனநூலுக்கு உள்ள இடத்தை விளக்கி அவர் ஒரு நூல் எழுதினார். அது 1914-இல் வெளிவந்தது. எழுதியவர் பெண் என்று அறிந்தால் படிப்போர் மதியார் என்று அஞ்சிய பதிப்பகத்தார், அவர் பெயரை முதலெழுத்துகளால் மட்டும் குறித்தனர். அடுத்த ஆண்டில் பிரௌன் பல்கலைக் கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

இவ்வளவு பணிகளுக்கு இடையே அவர் பெரியதொரு குடும்பத்திற்கும் தாயாய் விளங்கினார். அவர் வளர்த்த மக்கள் பன்னிருவர். அவருள் மேரி என்னும் சிறுமி 1912-ஆம் ஆண்டில் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தாள். அத்துயரம் பெற்றோரின் நெஞ்சை விட்டு நீங்கவேயில்லை. ஏனைய பதினொரு பிள்ளைகளும் ஒழுங்காக வளர்க்கப்பட்டனர். அவரவர் செய்ய வேண்டிய வேலைகள் அட்டவணையில் குறிக்கப்பட்டன. வீட்டுச் செய்திகளைப் பற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் கூடியமர்ந்து கலந்து பேசினர். பின்னாளில் பிள்ளைகளுள் இருவர் இக்குடும்ப வாழ்க்கையை நகைச்சுவை ததும்ப எழுதி, 1948-இல் நூலாக வெளியிட்டனர். அந்நூல் பெரும்புகழ் பெற்றது.

முதல் உலகப் போர் பல்லாயிரம் வீரர்களின் கைகளையும் கால்களையும் கண்களையும் கவர்ந்து கொண்டது. போர்க்களத்திலிருந்து மீண்டோர் எவ்வாறு பிழைப்பர் என்பதே எங்கும் கேள்வியாய் இருந்தது. கில்பிரெத் இணையர் இக்கேள்விக்குத் தம் ஆராய்ச்சியால் விடை தேடினர். ஒரு தொழிலைச் சிறுசிறு அசைவுகளாகப் பகுத்துக் கொண்டால், எஞ்சியுள்ள உறுப்புகளால் செய்யக்கூடியன எவை, கருவியை மாற்றியமைத்தால் செய்யக்கூடியன எவை என்பன தெளிவாகும். ஒற்றைக் கையால் இயக்குவதற்கு ஏற்பத் தட்டெழுத்துப் பொறியையும் மாற்றலாம் என்று அவர்கள் காட்டினர். மனிதனைக் கருவிக்கு ஏற்ப வளைத்தல் தகாது. கருவியையே மனிதனுக்கு ஏற்ப வளைத்தல் வேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. இவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து 1920-இல் நூலாக்கினர்.

1924-ஆம் ஆண்டு சூன் மாதம் 14-ஆம் நாள் பேரிடி ஒன்று விழுந்தது. ஐரோப்பாவில் நடைபெற இருந்த மாநாடுகளுக்குச் செல்லப் பிராங்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். அன்று மான்ட்கிளேர் நகரப் புகைவண்டி நிலையத்திலிருந்து தொலைபேசி வழியாக மனைவியுடன் பேசிக்கொண்டிருக்கையில், இருதயம் நின்று உயிர் நீத்தார். மூத்த மகளுக்கு வயது பதினெட்டு. கடைக்குட்டிக்கு ஏறத்தாழ இரண்டு வயதே. பதினொரு பிள்ளைகளையும் காக்கும் பொறுப்பு லில்லியன் அம்மையார் ஒருவர்மேல் விழுந்தது. அவர் கலங்கினார், ஆயினும் கடமையை மறந்தாரில்லை. சில நாள்களுக்குள் கப்பலேறி, கணவர் பேச வேண்டியிருந்த இலண்டன், பிராகு மாநாடுகளில் அவருக்கு மாற்றாகத் தாமே கலந்துகொண்டார்.

ஊர் திரும்பிய அம்மையாரைப் புதிய துன்பம் எதிர்கொண்டது. கணவருடன் ஒப்பந்தம் செய்திருந்த நிறுவனங்கள் பல, அவற்றைப் புதுப்பிக்க முன்வரவில்லை. ஆலையை ஆராயவும் ஆண் தொழிலாளர்களுக்கு முறை வகுக்கவும் ஒரு பெண்ணால் இயலுமோ என்று ஆலை முதலாளிகள் ஐயுற்றனர். இருபதாண்டு உழைப்பும் டாக்டர் பட்டமும் அவ்வையத்தைப் போக்கவில்லை. அம்மையார் சினந்து ஒதுங்கவில்லை. சோர்ந்து அமரவும் இல்லை. தம் வீட்டிலேயே வகுப்புகள் நடத்தி நிருவாகிகளுக்குப் பயிற்சி அளித்தார். மேசி என்னும் பெரிய விற்பனை நிலையத்தில் பணிபுரிந்த பெண்களின் களைப்பை நீக்கும் வழிகளை ஆராய்ந்தார். அடுக்களையைப் பற்றிப் பேசுவதற்குப் பெண்ணே உரியவள் என்று உலகம் எண்ணியது. ஆலைக் கதவை அடைத்த அவ்வெண்ணமே அடுக்களைக் கதவைத் திறந்து விட்டது. அம்மையார் அதனுள் நுழைந்தார்.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. லில்லியன் அம்மையார் சமையலில் வல்லவர் அல்லர். வீட்டுச் சமையலைப் பிறரே கவனித்து வந்தனர். இக்குறையை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டறிதலே அவரது ஆராய்ச்சி முறை. ஜெனரல் எலெக்டிரிக்கு நிறுவனத்திற்காக அவர் 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்தி திரட்டினார். அடுப்பும் கழுவுதொட்டியும் எவ்வளவு உயரத்தில் இருப்பின் முதுகு நோவாது, தோள் வலியாது என்று ஆராய்ந்தார். எல்லார்க்கும் பொருந்தும் உயரம் என ஒன்று இல்லை. உழைப்பவரின் முழங்கை உயரமே மேசையின் உயரத்தை வகுக்க வேண்டும். கொத்தருக்குச் சாரம் அமைத்த அதே நெறியே அடுக்களை மேசைக்கும் பொருந்தியது.

1929-ஆம் ஆண்டில் புரூக்ளின் நகர எரிவாயு நிறுவனம் ஒன்றிற்காக அம்மையார் மாதிரி அடுக்களை ஒன்றை அமைத்தார். அந்நிறுவனத்தின் தலைவர் மேரி தில்லன் என்னும் பெண்மணியார். அக்காலத்து அடுக்களைகளில் அடுப்பு ஒரு மூலையிலும், பாத்திர அலமாரி மற்றொரு மூலையிலும், மேசை வேறொரு பக்கத்திலும் கிடந்தன. ஒரு கரண்டி வேண்டின் ஒரு நடை. சிறிது மாவு வேண்டின் மற்றொரு நடை. அம்மையார் அடுப்பையும் மேசையையும் அருகருகே அமைத்தார். மேசைக்கு மேலே உணவுப் பொருள்களும் கீழே பாத்திரங்களும் இருந்தன. குளிர்ப்பெட்டியும் கைக்கெட்டும் தொலைவில் நின்றது. உருளைகள் பொருத்திய சிறுமேசை ஒன்று வேண்டுமிடத்திற்கு நகர்ந்து வந்தது. பழைய அடுக்களையிலும் புதிய அடுக்களையிலும் ஸ்ட்ராபெரிப் பழம் சேர்த்த கேக்கு ஒன்றைச் செய்வித்து, ஒவ்வோர் அடியையும் எண்ணிக் குறித்தனர். 97 ஆக இருந்த செயல்கள் 64 ஆகக் குறைந்தன. நடந்த அடிகளோ 281-இலிருந்து 45 ஆகச் சுருங்கின. அடுக்களையில் விலையுயர்ந்த பொருள் ஏதும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை; பொருள்கள் இருந்த இடங்களே மாறின.

இவ்வாறு மிஞ்சிய நேரம் மற்றொரு வேலைக்கு உரியதன்று என்பது அம்மையாரின் கருத்து. குழந்தையோடு பேசவும், நூல் படிக்கவும், உடல் ஓய்ந்திருக்கவும் அந்நேரம் உதவ வேண்டும். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டியும், குளிர்ப்பெட்டியின் கதவு உட்புறத்தில் முட்டையும் வெண்ணெயும் வைக்கும் தட்டுகளும் அவர் பெயரோடு இணைத்துப் போற்றப்படுகின்றன. இன்று அவை இல்லாத வீடுகள் குறைவு. அவற்றை எண்ணிப் பார்த்த பெண்மணியை அறிந்தோரும் குறைவே.

இரண்டாம் உலகப் போரின் காலத்தில் அம்மையாரின் உள்ளம் மீண்டும் உறுப்புக் குறையுற்றோர்பால் சென்றது. அவர்கள் எல்லாரையும் போல வாழ வழி கூறும் நூல் ஒன்றை எட்னா யோஸ்டு என்பவருடன் சேர்ந்து எழுதி 1944-இல் வெளியிட்டார். பின்னர் இருதய நலச் சங்கத்தார் அவரது உதவியை நாடினர். இருதயம் தளர்ந்த பெண்களை மருத்துவர்கள் ஓய்வு கொள்ளுமாறு பணித்தனர். ஆயினும், வீட்டில் குழந்தைகள் பசித்திருக்கத் தாய் படுத்திருத்தல் எங்ஙனம்? எழுந்து உழைத்தால் உயிருக்கு இடர். உழையாதிருந்தால் குடும்பத்திற்கு இடர். இவ்விரண்டிற்கும் இடையே அப்பெண்கள் அல்லலுற்றனர். தம் கணவரையே இருதய நோய்க்குப் பறிகொடுத்த லில்லியன் அம்மையாருக்கு இத்துன்பத்தின் ஆழம் நன்கு தெரியும்.

அவர் வகுத்த அடுக்களை இருதய நோயாளர் அடுக்களை என்றே பெயர் பெற்றது. அதில் நின்று செய்யும் வேலைகள் பலவும் அமர்ந்து செய்யும் வேலைகளாயின. முழங்கால் நுழைவதற்கு மேசையின் அடியில் இடம் விடப்பட்டது. நாள்தோறும் வேண்டும் பொருள்கள், குனியாமலும் எட்டிப் பிடிக்காமலும் எடுக்கும் உயரத்தில் வைக்கப்பட்டன. எந்தப் பொருள் எவ்விடத்தில் முதலில் பயன்படுமோ அவ்விடத்திலேயே அது இருந்தது. கனமான பாத்திரத்தைத் தூக்குவதற்கு மாறாக, ஒரே மட்டத்தில் அமைந்த மேசைமீது அதனை நகர்த்திச் செல்ல முடிந்தது. தளர்ந்த இருதயத்திற்குச் சுமை குறைந்தது. தாயின் கை மீண்டும் தன் மக்களுக்கு உணவு சமைத்தது.

நியூயார்க்குப் பல்கலைக் கழக மறுவாழ்வு மருத்துவ நிலையத்தின் மாதிரி அடுக்களைக்கும் அம்மையார் வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் இருப்போரும் ஒரு கை இழந்தோரும் சமைப்பதற்கான வழிகள் இத்தகைய அடுக்களைகளில் ஆராயப்பட்டன. ஒற்றைக் கையால் உருளைக்கிழங்கின் தோலைச் சீவுவது எங்ஙனம்? பலகையில் ஆணிகளை அடித்து, அவற்றின்மேல் கிழங்கைக் குத்தி நிறுத்தினால், பலகையே இரண்டாம் கையாகி விடும். இத்தகைய எளிய வழிகள் எத்தனையோ பெண்களின் கண்ணீரைத் துடைத்தன. பிறர் இரங்கி அளிக்கும் உணவைவிடத் தம் கையால் ஆக்கிய கஞ்சி இனியது என்பதை நோயுற்றோர் நன்கு அறிவர். அம்மையார் அவர்களுக்கு அளித்தது வசதி மட்டும் அன்று, தன்மதிப்பும் ஆகும்.

அறிவுலகம் அவரைக் காலந்தாழ்த்தியேனும் போற்றியது. 1935-ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக் கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. அங்குப் பொறியியல் பிரிவில் பேராசிரியராய் விளங்கிய முதற்பெண்மணி அவரே. 1965-இல் அமெரிக்கப் பொறியியல் பேரவையும் முதற்பெண் உறுப்பினராக அவரைத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டில் ஹூவர் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற முதற்பெண்மணியும் அவரே. எண்பது வயது கடந்த பின்னும் நாடு நாடாகச் சென்று சொற்பொழிவாற்றி வந்தார். 1972-ஆம் ஆண்டு சனவரி மாதம் 2-ஆம் நாள், 93-ஆம் வயதில், அரிசோனா மாநிலத்துப் பீனிக்சு நகரில் அவர் இயற்கை எய்தினார். 1984-இல் அமெரிக்க அரசு அவரது உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

அம்மையார் காட்டிய நெறி அவரோடு மறைந்துவிடவில்லை. இக்காலத்தில் முதியோர் பலர் நினைவு மங்கும் நோயால் வருந்துகின்றனர். அடுப்பை மூட்டிவிட்டு மறந்து போதலும், உப்பு இருக்கும் இடம் தெரியாமல் திகைத்தலும் அவர்களுக்கு நேர்கின்றன. அஞ்சிய சுற்றத்தார் அவர்களை அடுப்படிக்கே செல்லவொட்டாமல் தடுத்து விடுகின்றனர். நாற்பதாண்டுக் காலம் பலர்க்கும் உணவிட்ட கை, ஒரு கோப்பைத் தேநீருக்காகப் பிறர் முகம் நோக்கிக் காத்திருக்க நேர்கிறது.

கருவி அமைப்போர் இத்துன்பத்திற்கும் வழி காண முயன்று வருகின்றனர். நேற்று நடந்ததை மறந்தவர்களும், இளமை முதல் பழகிய கைவேலையை எளிதில் மறப்பதில்லை. ஆதலால், புதுமையான உருவத்தைவிடப் பழகிய உருவமே அவர்கள் கையாளும் கருவிக்கு நலம் தருவது. பல பொத்தான்கள் மனத்தைக் குழப்பும். ஒரு வேலைக்கு ஒரு பிடி என்றிருப்பின் கை தானே அதனை நாடும். உள்ளிருக்கும் பொருள் தெரியுமாறு கண்ணாடிக் கதவிட்ட அலமாரி, மறந்து போனவருக்கு அவர் தேடும் பொருளைக் காட்டித் தரும். அடுப்பருகே எவரும் இல்லாதபொழுது தானே அணையும் அமைப்பு, மறதியால் வரும் தீங்கைத் தடுக்கும். இவை அனைத்தும் அம்மையார் கைக்கொண்ட நெறியின் வழிப்பட்டனவே. இயலாதது எது என்று எண்ணி ஒருவரை விலக்குதல் எளிது. இயல்வது எது என்று கண்டு, அதற்கேற்பக் கருவியை மாற்றுதலே அறிவுடைமை.

பெரும்பொறிகளைப் படைத்தோரை உலகம் வியந்து பாராட்டும். லில்லியன் கில்பிரெத் அம்மையார் அத்தகைய பெரும்பொறி எதனையும் படைத்தாரில்லை. மேசையைச் சிறிது உயர்த்தினார்; அலமாரியைச் சிறிது நகர்த்தினார்; நிற்பவரை அமரச் செய்தார். அச்சிறு மாற்றங்களால் எண்ணற்ற வீடுகளில் களைப்பு நீங்கியது. நோயாளரின் வாழ்வில் நம்பிக்கை மலர்ந்தது. பிறர் அன்றாடம் படும் துன்பத்தை உற்று நோக்கும் கண்ணும், அதனைத் துடைக்க முனையும் உள்ளமும் உடையவர்க்கு, சிற்றடுக்களையும் சிறந்த ஆராய்ச்சிக் கூடமாகும்.